பட்டியலில் பெயர் இல்லையென்றால் அபாயக் கழிவு இல்லை என்று அர்த்தமா?

கேள்வி: ஹூஸ்டனில் பித்தளை உதிரிபாகங்கள் செய்யும் ஆலையில் வேலை பார்த்தேன். இப்போது அதே நிறுவனத்தின் கலிஃபோர்னியா ஆலைக்கு மாற்றலாகி வந்திருக்கிறேன். கிரைண்டிங் ஸ்லட்ஜை, அதாவது உலோகத்தைத் தேய்க்கும்போது சேரும் சேற்றை, டெக்சஸில் "கிளாஸ் 1, அபாயமற்ற தொழிற்கழிவு" என்றுதான் அனுப்பினோம். லேப் ரிப்போர்ட்டிலும் பாஸ். மத்திய அரசின் எஃப், கே, பி, யூ என்ற நான்கு அபாயக் கழிவுப் பட்டியல்களிலும் வரிவரியாகத் தேடிவிட்டேன், எங்கள் ஸ்லட்ஜின் பெயர் எதிலும் இல்லை. ஆனால் இங்கே கழிவு எடுக்க வரும் லாரி நிறுவனம், அபாயக் கழிவு மேனிஃபெஸ்ட் (கழிவோடு கூடவே போகும் சரக்குப் பத்திரம்) இல்லாமல் தொட மாட்டோம் என்கிறது. நாடு ஒன்று, கழிவும் ஒன்று. மாநில எல்லையைத் தாண்டியதும் எப்படி மாறும்? பயன்படுத்திய எம்.ஈ.கே. (மெத்தில் எத்தில் கீட்டோன்) கரைப்பானை என்ன பெயரில் அனுப்புவது என்பதிலும் குழப்பம். மேலாளரோ, பழைய கூலன்ட்டை (மெஷினில் உலோகத்தைக் குளிர்விக்கும் திரவம்) ஹூஸ்டனில் செய்ததுபோல ஆவியாக்கி அளவைக் குறைத்துவிடலாம் என்கிறார். செய்யலாமா?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

லாரி நிறுவனம் சொல்வது சரி. உங்கள் ஹூஸ்டன் ரிப்போர்ட்டிலும் தப்பு இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் சரியாக இருக்க அமெரிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

1976-இல் வந்த ஆர்.சி.ஆர்.ஏ. சட்டம் (நம் தொழிலில் எல்லோரும் "ரெக்ரா" என்பார்கள்) நாடு முழுவதற்கும் குறைந்தபட்ச அளவுகோலை வைத்தது. அதை நடைமுறைப்படுத்தும் அதிகாரத்தை இ.பி.ஏ. என்ற மத்தியச் சுற்றுச்சூழல் அமைப்பு மாநிலங்களுக்கு வழங்கலாம். அப்படி வாங்கும் மாநிலம் மத்திய விதியைவிடத் தளர்வாக இருக்கக் கூடாது, கடுமையாக இருக்கத் தடையில்லை. அயோவா, அலாஸ்கா தவிர மற்ற மாநிலங்கள் இந்த அதிகாரத்தை வாங்கியிருக்கின்றன. கலிஃபோர்னியாவின் கதை இன்னும் பழையது. ரெக்ரா வருவதற்கு முன்பே, 1972-இல், அது தன் சொந்த அபாயக் கழிவுச் சட்டத்தை இயற்றிவிட்டது. ரிவர்சைடு கவுண்டியில் ஸ்ட்ரிங்ஃபெல்லோ அமிலக் குழிகள் என்ற இடம் இருக்கிறது. 1956 முதல் 1972 வரை அங்கே சுமார் 3.4 கோடி கேலன் தொழிற்கழிவைத் திறந்த குழிகளில் கொட்டினார்கள். அது நிலத்தடி நீரில் இறங்கியது, இன்றுவரை சுத்திகரிப்பு முடியவில்லை. அந்த அனுபவம் உள்ள மாநிலம் மத்திய அளவுகோலோடு நின்றுவிடவில்லை.

இனி உங்கள் முக்கியமான கேள்வி. பட்டியலில் தேடி, பெயர் இல்லை என்றதும் நின்றுவிட்டீர்கள். இந்தத் துறையில் நான் பார்க்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன. கழிவு அபாயமானதா என்று பார்க்கும் வழிகளில் பட்டியலும் ஒன்று, அவ்வளவுதான். அதுவும் நாம் நினைப்பதுபோல் ரசாயனங்களின் அகராதி இல்லை. கழிவு எப்படிப் பிறந்தது என்பதை வைத்து எழுதப்பட்டது.

உங்கள் எம்.ஈ.கே.யையே எடுத்துக்கொள்ளுங்கள். திறக்காமலே காலாவதியான டப்பாவைத் தூக்கி எறிந்தால் அதற்கு யூ பட்டியலின் யூ159 என்ற எண். அதே எம்.ஈ.கே.யில் பாகங்களைக் கழுவி அழுக்கானபின் எறிந்தால் எஃப்005. பெயிண்டுக்குள் ஒரு பொருளாகக் கலந்திருந்து அந்தப் பெயிண்ட் மிஞ்சிப்போனால், இந்த இரண்டு எண்களும் பொருந்தாது. அங்கே எம்.ஈ.கே. "பயன்படுத்தித் தீர்ந்த கரைப்பான்" ஆகவில்லை, தூய்மையான வணிகப் பொருளாகவும் இல்லை. அந்தப் பெயிண்ட்டின் தீப்பற்று வெப்பநிலை 60 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் டி001. டி எண்கள் பட்டியலை வைத்து அல்ல, கழிவின் தன்மையை வைத்து வருபவை. கசிவுச் சோதனையில் எம்.ஈ.கே. லிட்டருக்கு 200 மில்லிகிராமைத் தொட்டால் கூடவே டி035. ஒரே ரசாயனத்துக்கு இத்தனை எண்கள். பி, யூ பட்டியல்கள் பயன்படுத்தாத பொருளுக்கு மட்டும்தான் என்பதை உங்கள் ஆலையில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். நீங்கள் பாகங்களைக் கழுவிய கரைப்பான் எஃப்005 என்ற பெயரில்தான் போக வேண்டும்.

இதில் இன்னொரு எச்சரிக்கை. பயன்படுத்திய எம்.ஈ.கே.யில் ஒரு டம்ளர் அளவை யாராவது ஸ்லட்ஜ் ட்ரம்மில் ஊற்றிவிட்டால், கலவை விதிப்படி முழு ட்ரம்மும் எஃப்005 ஆகிவிடும். தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்தாலும் அந்த எண் போகாது. அதிலிருந்து பிறக்கும் சாம்பலுக்கும் சேறுக்கும்கூட அதே எண் தொடரும். மனு போட்டுப் பட்டியலிலிருந்து நீக்கச் சொல்ல வழி இருக்கிறது, ஆனால் அது ஒரு சிறு ஆலை சுமக்கக்கூடிய வேலை இல்லை. கரைப்பான் ட்ரம்மையும் ஸ்லட்ஜ் ட்ரம்மையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள். இரவு ஷிஃப்டில் வரும் புதிய ஆளுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.

பட்டியலைத் தாண்டினால் அடுத்தது தன்மை. தீப்பற்றுமா, அரிக்குமா (தண்ணீர் கலந்த கழிவில் பிஹெச் 2 அல்லது அதற்குக் கீழே, 12.5 அல்லது அதற்கு மேலே), வெடிக்கும் அல்லது கடுமையாக வினைபுரியும் இயல்பு உண்டா, நச்சு கசியுமா என்ற நான்கு கேள்விகள். நான்காவதற்குத்தான் டி.சி.எல்.பி. என்ற கசிவுச் சோதனை. டி004 முதல் டி043 வரை 40 பொருள்கள். உங்கள் ஹூஸ்டன் லேப் செய்தது இதைத்தான். அதில் ஈயத்தின் வரம்பு லிட்டருக்கு 5 மில்லிகிராம். காட்மியம் 1, பாதரசம் 0.2.

அந்த ரிப்போர்ட்டை மறுபடி எடுத்துப் பாருங்கள். செம்பு என்ற வரி இருக்கிறதா? துத்தநாகம் இருக்கிறதா? இருக்காது. மத்தியப் பட்டியலில் அவை இல்லவே இல்லை. பித்தளையின் இரண்டு முக்கிய உலோகங்களையும் அந்தச் சோதனை கேட்கவில்லை. நீங்கள் பாஸானது உண்மை, ஆனால் உங்கள் பொருளின் பெரும்பகுதி அந்தத் தேர்வில் உட்காரவே இல்லை.

ஏன் இப்படி என்று புரிந்துகொண்டால் மற்ற மாநிலங்களின் விதிகளும் எளிதாகப் புரியும். மத்தியச் சோதனைக்குப் பின்னால் இருக்கும் கற்பனை இதுதான்: கழிவை ஊர்க் குப்பைக் கிடங்கில் போடுகிறார்கள், அங்கே ஊறும் லேசான அமில நீர் உலோகத்தைக் கரைத்து நிலத்தடி நீரில் இறக்குகிறது, பக்கத்தில் கிணறு வைத்திருக்கும் மனிதர் அந்தத் தண்ணீரைக் குடிக்கிறார். 1980-இல் உலோகங்களுக்கு வரம்பு வைத்தபோது, அன்றைய குடிநீர்த் தர அளவை 100-ஆல் பெருக்கினார்கள். ஈயத்துக்குக் குடிநீர் அளவு 0.05, அதனால் கழிவுக்கு 5. மனித உடலுக்கு ஈயமும் காட்மியமும் செய்யும் கேட்டைச் செம்பு செய்வதில்லை என்பதால் அது அந்தக் கணக்கில் வரவில்லை. ஆனால் மீனுக்கு அப்படியில்லை. கரைந்த செம்பு மிகச் சிறிய அளவிலேயே மீன்களைப் பாதிக்கும். சால்மன் மீனின் மோப்ப உணர்வையே மழுங்கடித்துவிடும், அதை வைத்துத்தான் அது தன் ஆற்றைத் தேடிப் போகிறது. கலிஃபோர்னியா கிணற்றடி மனிதரோடு ஆற்று மீனையும் சேர்த்துக் கணக்குப் போட்டது. அது சரி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அதனால் இங்கே இரண்டு கூடுதல் வரம்புகள் உண்டு. கழிவில் மொத்தமாக எவ்வளவு இருக்கிறது என்பதற்கு டி.டி.எல்.சி., கரைந்து வெளியேறக்கூடியது எவ்வளவு என்பதற்கு எஸ்.டி.எல்.சி. செம்புக்கு மொத்த வரம்பு கிலோவுக்கு 2,500 மில்லிகிராம், கரைவது லிட்டருக்கு 25. துத்தநாகத்துக்கு 5,000, 250. நிக்கலுக்கு 2,000, 20. ஈயத்துக்கு 1,000, 5. எஸ்.டி.எல்.சி.க்கான கரைப்புச் சோதனையும் மத்தியச் சோதனையைவிடக் கடுமையானது. அசெட்டிக் அமிலத்துக்குப் பதில் சிட்ரேட் கரைசல், 18 மணி நேரத்துக்குப் பதில் 48 மணி நேரம், 20 மடங்கு நீர்ப்புக்குப் பதில் 10 மடங்கு.

இப்போது உங்கள் ஸ்லட்ஜுக்கு ஒரு கணக்கு. 60 சதவீதம் செம்பு உள்ள பித்தளை என்று வைத்துக்கொள்வோம். ஸ்லட்ஜில் பத்தில் ஒரு பங்குதான் பித்தளைத் தூள், மீதி சக்கரத் துகளும் கூலன்ட்டும் என்றால்கூட, கிலோவுக்கு 60,000 மில்லிகிராம் செம்பு. வரம்பைப்போல 24 மடங்கு. இதற்கு லேப் தேவையே இல்லை. சோதனை செய்துதான் முடிவெடுக்க வேண்டும் என்று விதி சொல்லவில்லை. பொருளைப் பற்றி நீங்கள் அறிந்ததை வைத்தும் முடிவெடுக்கலாம், எழுதி வைத்திருந்தால் போதும். மத்திய விதியில் அபாயமற்றது, கலிஃபோர்னியா விதியில் அபாயமானது என்ற இந்த வகைக்கு இங்கே "நான்-ரெக்ரா" அபாயக் கழிவு என்று பெயர். மேனிஃபெஸ்ட்டிலும் அப்படித்தான் எழுத வேண்டும். டெக்சஸின் எட்டு எழுத்துக் குறியீடு இங்கே செல்லாது, கலிஃபோர்னியாவின் மூன்று இலக்க எண் வேண்டும்.

ஆனால் ஈயத்துக்கு மட்டும் பணம் செலவழித்துச் சோதியுங்கள். எளிதாகக் கடைசல் ஆக வேண்டும் என்பதற்காகச் சில பித்தளைகளில் 3 சதவீதம் வரை ஈயம் சேர்ப்பார்கள். மேலே சொன்ன அதே கணக்கில் ஸ்லட்ஜில் கிலோவுக்கு 3,000 மில்லிகிராம் ஈயம் வரும். டி.சி.எல்.பி. 20 மடங்கு நீர்ப்பில் நடப்பதால், மொத்த ஈயம் கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் மட்டுமே சோதனை இல்லாமல் பாஸ் என்று சொல்லலாம். குடிநீர்க் குழாய்களுக்கான "ஈயமற்ற" பித்தளையில்கூடச் சட்டம் 0.25 சதவீதம் வரை அனுமதிக்கிறது. அந்த அளவு ஈயமே ஸ்லட்ஜில் 250 மில்லிகிராம் ஆகும். ஆகவே பெயரை நம்பி விட்டுவிட முடியாது. ஈயம் வரம்பைத் தொட்டால் கழிவு டி008, அதாவது மத்திய விதியிலும் அபாயக் கழிவு. பிறகு புதைக்கும் முன் என்ன செய்ய வேண்டும், எந்த எண் தேவை, எல்லாமே மாறும். ஹூஸ்டனில் ஓடிய உலோகக் கலவையும் இங்கே ஓடுவதும் ஒன்றுதானா என்று கொள்முதல் பிரிவில் கேளுங்கள். வேறு என்றால் பழைய ரிப்போர்ட் உங்களுக்குப் பயன்படாது. சோதனையை மாநில அங்கீகாரம் பெற்ற லேபில் செய்யுங்கள்.

கடைசலில் விழும் பெரிய சுருள்கள் வேறு கதை. கூலன்ட் வடிந்த பித்தளைச் சுருளைப் பழைய உலோகம் என்று மறுசுழற்சிக்கு விற்கலாம், மேனிஃபெஸ்ட் வேண்டாம். 100 மைக்ரானுக்குக் குறைந்த தூளுக்கும் சேறுக்கும் அந்தச் சலுகை கிடையாது. மெஷினடியிலேயே இரண்டையும் பிரித்துவிட்டால் ட்ரம்களின் எண்ணிக்கையும் குறையும், காசும் வரும்.

எண் விஷயத்தில் ஒரு சிறு குறிப்பு. இ.பி.ஏ. அடையாள எண் நிறுவனத்துக்கு இல்லை, இடத்துக்கு. ஹூஸ்டன் எண்ணை இங்கே எழுதக் கூடாது. நான்-ரெக்ரா கழிவு மட்டும் என்றால் மாநிலத்தின் டி.டி.எஸ்.சி. துறை தரும் எண் போதும். உங்களுக்கு எஃப்005 கரைப்பான் இருப்பதால் மத்திய எண் இருக்கிறதா என்று பாருங்கள். மாதம் 100 கிலோவுக்குள் என்றால் மத்திய விதியில் பெரும்பாலான கடமைகளிலிருந்து விலக்கு உண்டு. கலிஃபோர்னியா அந்த விலக்கை அப்படியே ஏற்கவில்லை. ஹூஸ்டன் பழக்கத்தில் "நாங்கள் சின்ன ஆலைதானே" என்று விட்டுவிடாதீர்கள்.

நாளைக்கு நிறுவனம் உங்களை வேறு மாநிலத்துக்கு அனுப்பினாலும் இதே வரிசையில் பாருங்கள்: விலக்கு உண்டா, மத்தியப் பட்டியல், மத்தியத் தன்மை, அப்புறம் அந்த மாநிலம் கூடுதலாக என்ன கேட்கிறது. வாஷிங்டன் மாநிலத்தில் ஹேலஜன் (குளோரின் போன்றவை) சேர்ந்த கரிமப் பொருள்கள் கழிவில் 0.01 சதவீதத்தைத் தாண்டினாலே மாநில அளவில் அது கட்டுப்பாட்டுக்குள் வரும். நியூயார்க் 50 பி.பி.எம். முதல் பி.சி.பி. (பழைய மின்மாற்றி எண்ணெய்களில் இருந்த நச்சு ரசாயனம்) கழிவை அபாயப் பட்டியலில் வைத்திருக்கிறது. கலிஃபோர்னியாவிலேயே இன்னொரு பட்டியலும் உண்டு. ரசாயனப் பெயர்களோடு, பேட்டரி அமிலம், பெயிண்ட் கழிவு, துளையிடும் சேறு என்று சாதாரணப் பெயர்களும் அதில் இருக்கின்றன. அதில் பெயர் இருந்தால் அபாயமானது என்றே முதலில் கொள்வார்கள். இல்லை என்று காட்டும் பொறுப்பு உங்களுடையது.

பொறுப்பு என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். கழிவுக்குப் பெயர் வைக்கும் கடமையைச் சட்டம் லாரி நிறுவனத்திடமோ லேபிடமோ கொடுக்கவில்லை. கழிவை உண்டாக்கியவரிடம் கொடுத்திருக்கிறது. லேப் கேட்ட சோதனையைச் செய்து எண்ணைத் தரும், கேட்காத செம்பைப் பற்றிப் பேசாது. விற்பனையாளர் தரும் பாதுகாப்புத் தாள் புதிய பொருளைப் பற்றியது. உங்கள் மெஷினில் சுற்றி உலோகம் ஏறிய பொருளைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இருக்காது. முடிவை, கழிவு பிறக்கும் இடத்தில் அது எப்படி இருக்கிறதோ அதை வைத்து எடுங்கள், வேறெதனுடனும் கலப்பதற்கு முன்னால். எந்தக் காரணத்தால் அப்படி முடிவெடுத்தீர்கள் என்று ஒரு பக்கமாவது எழுதிக் கையெழுத்திட்டு வையுங்கள். அந்தக் கழிவு கடைசியாக வெளியே போனதிலிருந்து குறைந்தது 3 ஆண்டுகள் அது கோப்பில் இருக்க வேண்டும்.

கலிஃபோர்னியாவின் நான்-ரெக்ரா கழிவை எல்லை தாண்டிப் பக்கத்து மாநிலத்துக்கு அனுப்பினால், அங்கே அதைச் சாதாரணக் கழிவாகப் புதைக்க முடியும் என்பதையும் யாராவது உங்களிடம் சொல்வார்கள். சட்டப்படி அதற்கு இடமிருக்கிறது, நிறைய கழிவு அப்படித்தான் போகிறது. எல்லை வரை மேனிஃபெஸ்ட்டும் பதிவுபெற்ற வண்டியும் கட்டாயம். என் கருத்தைக் கேட்டால், செலவு கொஞ்சம் கூடினாலும் செம்பை மீட்டெடுக்கும் ஆலை எதுவும் உங்கள் ஸ்லட்ஜை எடுக்குமா என்று முதலில் விசாரியுங்கள். இங்கே மீனுக்கு ஆகாத செம்பு அரிசோனாவின் மண்ணில் மட்டும் நல்லதாகிவிடாது.

கடைசியாகக் கூலன்ட். மேலாளர் சொல்வதை இப்போதைக்குச் செய்யாதீர்கள். கலிஃபோர்னியாவில் அபாயக் கழிவை ஆவியாக்கிக் குறைப்பது "சுத்திகரிப்பு" என்ற கணக்கில் வரும். அதற்கென்று படிப்படியான அனுமதி முறை இருக்கிறது. உங்கள் பகுதியில் இந்த விதிகளை அமல்படுத்தும் சி.யு.பி.ஏ. அலுவலகத்தில் அனுமதி வாங்காமல் ஆவியாக்கியை இயக்கினால், அனுமதியின்றிச் சுத்திகரித்த குற்றம் சேரும். ஆகவே முதலில் தெரிய வேண்டியது, அந்தக் கூலன்ட் அபாயக் கழிவா இல்லையா. பித்தளையோடு ஓடியதால் அதில் செம்பு கரைந்திருக்கும். கரையாத திடப்பொருள் அரை சதவீதத்துக்குக் குறைவான திரவத்தில், வடிகட்டிய கூலன்ட்டையே நேரடியாக வரம்போடு ஒப்பிடுவார்கள். லிட்டருக்கு 25 மில்லிகிராம் செம்பைத் தொட்டால் விஷயம் முடிந்தது. தொடவில்லை என்றால் மீன் சோதனை பாக்கி இருக்கிறது. 96 மணி நேரத்தில் பாதி மீன்களைக் கொல்லும் அடர்த்தி லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவாக இருந்தால் அபாயக் கழிவு. சோப்புத்தன்மையும் கிருமிநாசினியும் உள்ள கூலன்ட்கள் இதில் தோற்பதுண்டு. மேலே மிதக்கும் எண்ணெயைத் தனியாக எடுத்துவிடுங்கள். கலிஃபோர்னியாவில் பழைய எண்ணெய் அபாயக் கழிவாகவே கையாளப்படும், அதன் எண் 221.

இரண்டு சோதனையிலும் தப்பித்து ஆவியாக்கலாம் என்று வந்தாலும், அடியில் தங்கும் கெட்டிக் கசடில் அத்தனை செம்பும் திரண்டிருக்கும். அது புதிய கழிவு, அதற்குத் தனியாகப் பெயர் வைக்க வேண்டும். மேலாளரிடம் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். வடிகட்டிய கூலன்ட்டில் செம்பு எவ்வளவு என்ற ஒரு எண்ணை லேபிலிருந்து வாங்கி, 25-க்குப் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். அந்த எண் வரும் வரை கூலன்ட்டை மூடிய ட்ரம்மில், உள்ளே என்ன, எந்தத் தேதியிலிருந்து என்று எழுதி, கசிவுத் தட்டின் மேல் வையுங்கள்.